முப்பது நாள் கெடு

அந்தமானில், பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் சாத்தம் போகும் ஃபெர்ரிக்காகக் காத்திருந்தேன். எங்கள் தெரு மகளிர் குழுவின் பொருளாளர் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. "தம்பி, ஷீட்ல யாரோ கை வச்சிட்டாங்க. நான் கட்டின ஐந்நூறு என் பேருக்கு நேரா இல்ல, மாடி வீட்டு தீதி பேருக்கு நேரா நிக்குது. தீதி கட்டினது யார் பேர்லயோ கிடக்குது. மூணு வருஷக் கணக்கு தம்பி." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துவிட்டது.

குழுவில் 14 பேர். வீட்டில் பேசுவது தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் என்று ஆளுக்கொன்று. கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக இந்தி. நோட்டில் இருந்த கணக்கை கூகுள் ஷீட்டுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான்தான். அதனால் அன்று படகில் ஏறவில்லை, திரும்பி நடந்தேன்.

அக்காவின் மகள் லேப்டாப்பில் ஷீட்டைத் திறந்திருக்கிறாள். யார் அதிகம் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க, தொகை இருந்த பத்தியை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தியிருக்கிறாள். பெயர்கள் அசையவில்லை, தொகைகள் மட்டும் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டன. கூட்டுத்தொகை மாறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆறு நாள் கழித்துத்தான் அக்கா கண்ணில் பட்டது. அதற்குள் வேறு இரண்டு பேர் புது வரவுகளை எழுதிவிட்டிருந்தார்கள்.

அரை மணி நேரத்தில் கணக்கு திரும்பி வந்தது. ஆனால் அந்த அரை மணிக்கு முன்னால் அக்கா வீட்டு வராந்தாவில் நான் கேட்ட பேச்சுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. அங்கே கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் ஷீட்டின் பழைய நிலை எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பது தெரியாது. ஒருவர் அந்தப் பெண்ணைப் போலீசில் சொல்ல வேண்டும் என்றார். இன்னொருவர், இந்த ஷீட்டை அழித்துவிட்டுப் பழைய நோட்டைப் பார்த்துப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார். எனக்குத் திக்கென்றது. ஷீட்டை அழித்திருந்தால் மீட்கும் வழியும் அதோடு குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

காகிதம் போனால் என்ன ஆகும் என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் அலை வந்தபோது தெற்கு அந்தமானில் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சிப்பிகாட் பக்கம் வயலாக இருந்த இடங்களில் கடல்நீர் புகுந்து அப்படியே நின்றுவிட்டது. உயிரும் வீடும் போன கணக்குக்கு முன்னால் காகிதம் பெரிதில்லைதான். ஆனாலும் அந்த வருஷங்களில் நகல் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள் எத்தனை பேர்! ரேஷன் கார்டும், ஐலண்டர் கார்டும், பள்ளிச் சான்றிதழும் ஒரே தகரப் பெட்டியில் இருந்திருந்தால் போனதும் ஒரே நேரத்தில்தான் போயிருக்கும்.

அதனால்தான் கேபிள் வந்ததும் நாம் அவ்வளவு ஆசையாக எல்லாவற்றையும் படமெடுத்து டிரைவில் ஏற்றினோம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் இழுத்த ஒளியிழை, 1,224 கோடி ரூபாய் செலவு. 2018 டிசம்பர் 30-ல் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10-ல் திறந்துவைத்தார்கள். அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாகத்தான் இன்டர்நெட். ஒரு மார்க்‌ஷீட்டை அனுப்ப நெட் சென்டரில் உட்கார்ந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி மதியம் போய்விடும். டிரைவ், கிளவுட் என்பதெல்லாம் மெயின்லேண்டில் இருப்பவர்கள் பேசும் பேச்சாக இருந்தது. இப்போது மளிகைக் கடைக் கடன் கணக்கு முதல் பள்ளியின் தேர்வு மதிப்பெண் வரை எல்லாம் அங்கேதான். கிளவுட் என்பது வேறெங்கோ ஓர் ஊரில், ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் ஓடும் கணினிகள். நம் கோப்பு அங்கே கிடக்கிறது. ஃபோனில் தெரிவது அதன் முகம் மட்டும்.

"டிரைவ்ல இருக்கு, பத்திரமா இருக்கு" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஃபோன் கடலில் விழுந்தால் அது உண்மை. ஆனால் கை தவறி அழித்தால், அந்தத் தவறும் அடுத்த நொடியே 14 பேர் ஃபோனுக்கும் போய்ச் சேரும். தகரப் பெட்டிக்கும் டிரைவுக்கும் இங்கே பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. டிரைவ் நேற்றைய நிலையையும் போன வார நிலையையும் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறது. அந்த வசதிக்குப் பெயர் வெர்ஷன் ஹிஸ்டரி, பதிப்பு வரலாறு. அதற்குச் சில கெடுகள் உண்டு. யார் பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இந்த இரண்டும் தெரியாமல்தான் மீட்க முடிந்ததையும் ஜனங்கள் இழந்துவிடுகிறார்கள்.

அன்று செய்ததைச் சொல்கிறேன். முதலில் 14 பேருக்கும் வாட்ஸாப்பில் ஒரே வரி போட்டேன்: "ஷீட்டை யாரும் தொடாதீங்க." நல்ல மனதோடு ஆளுக்கொரு வரியைத் திருத்த ஆரம்பித்தால் குழப்பத்தின் மேல் குழப்பம் ஏறும். பிறகு அக்கா மகளின் லேப்டாப்பிலேயே ஷீட்டைத் திறந்தோம். ஃபோன் செயலியில் தேடி அலைவதைவிடக் கணினியில் பார்ப்பது நல்லது. மேலே 'ஃபைல்' என்ற பட்டியலில் 'வெர்ஷன் ஹிஸ்டரி', அதற்குள் 'சீ வெர்ஷன் ஹிஸ்டரி'. வலது பக்கத்தில் தேதியும் நேரமும் மாற்றியவர் பெயரும் வரிசையாக வந்து நின்றன. ஆறு நாள் முன்பு, சாயங்காலம், அக்காவின் கணக்கின் பெயரிலேயே அந்த மாற்றம் இருந்தது. லேப்டாப்பில் அக்காவின் ஜிமெயில்தானே திறந்திருந்தது! "அப்போ நானேதான் செஞ்சதாக் காட்டுதா?" என்று அக்கா கேட்டார். அப்படித்தான் காட்டும். யார் கணக்கு திறந்திருக்கிறதோ அவர் பெயரைத்தான் அது எழுதிவைக்கும்; விசைப்பலகையில் இருந்த விரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. ஒரு வீட்டில் நாலு பேர் ஒரே ஜிமெயிலைப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். நாளை ஒரு தகராறு வந்தால் அந்தப் பெயர்தான் முன்னால் நிற்கும்.

அந்த மாற்றத்துக்கு முந்தைய பதிப்பின் மேல் தட்டியதும் பழைய ஷீட் அப்படியே திரையில் வந்தது. அக்காவின் பெயருக்கு நேராக ஐந்நூறு. மேலே 'ரீஸ்டோர் திஸ் வெர்ஷன்' என்ற பொத்தான். அக்காவின் விரல் அதற்குப் போனது, நான் தடுத்தேன். அதை அழுத்தினால் முழு ஷீட்டும் ஆறு நாள் பின்னால் போய்விடும். இடையில் அந்த இரண்டு பேர் எழுதிய வரவுகள் கண்முன் இருந்து மறைந்துவிடும். அவையும் வரலாற்றில் இருக்கும்தான், ரீஸ்டோர் செய்வதால் பிந்தைய பதிப்புகள் அழிவதில்லை. ஆனால் மறந்துபோனால் மறந்ததுதான். அதனால் பழைய பதிப்பின் பக்கத்தில் இருந்த மூன்று புள்ளிகளைத் தட்டி 'மேக் எ காப்பி' கொடுத்து, அதைத் தனி ஷீட்டாக எடுத்தோம். அதிலிருந்து கெட்டுப்போன பத்தியை மட்டும் எடுத்து இப்போதைய ஷீட்டில் வைத்தோம். புது வரவுகள் அப்படியே நின்றன. ஒருவரே பயன்படுத்தும் கோப்பு என்றால் ரீஸ்டோர் போதும். பல பேர் எழுதும் கோப்புக்கு நகல் எடுத்துப் பொறுக்குவதுதான் பாதுகாப்பு.

ஒரே ஒரு கட்டத்தில் தொகை மாறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் 'ஷோ எடிட் ஹிஸ்டரி' என்று வரும். முன்பு என்ன இருந்தது, யார் கணக்கிலிருந்து, எப்போது மாறியது என்று காட்டும். வரிசையே நீக்கப்பட்டிருந்தால் அது அங்கே தெரியாது; அப்போது முழு வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வரலாறு எல்லார் கண்ணுக்கும் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருத்தும் அனுமதி இருப்பவருக்கு மட்டுமே தெரியும். 'வியூவர்' என்று பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்திருந்தால், உங்கள் பணம் உள்ள ஷீட்டாகவே இருந்தாலும், நேற்று அது எப்படி இருந்தது என்று உங்களால் பார்க்க முடியாது. சீட்டு, குழு, சங்கம் எதுவானாலும், பொருளாளரைத் தவிர இன்னும் ஒருவருக்காவது திருத்தும் அனுமதி இருக்கட்டும்.

இனி கெடுவுக்கு வருகிறேன். கூகுள் ஷீட், கூகுள் டாக் போன்றவற்றில் எழுதியதன் வரலாறு நீண்ட நாள் நிற்கிறது, ஆனால் இடத்தை மிச்சப்படுத்தப் பக்கத்துப் பக்கத்துப் பதிப்புகளை கூகுள் சில சமயம் ஒன்றாகச் சேர்த்துவிடும். நீங்கள் ஏற்றிவைத்த பிடிஎஃப், படம், வேர்டு கோப்பு ஆகியவற்றுக்கு வேறு விதி. அதே கோப்பின் மேல் புதியதை ஏற்றினால் பழையது 30 நாள் வரையோ, 100 பதிப்பு வரையோதான் இருக்கும். 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய் 'கீப் ஃபாரெவர்' என்று குறித்துவைத்தால் போகாது. குப்பைத் தொட்டிக்குப் போன கோப்பு 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் சொந்தக் கணக்கு என்றால் கடைசி 25 பதிப்புகள், குப்பைத் தொட்டியில் 30 நாள். அலுவலக, கல்லூரிக் கணக்கு என்றால் குப்பைத் தொட்டி 93 நாள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள்தான். ஆப்பிளின் ஐகிளவுடில் அழித்த கோப்புக்கும் அதே 30.

ஆக, பெரும்பாலும் முப்பது. நம் ஊர் வாழ்க்கைக்கு இது குறுகிய காலம். மருத்துவத்துக்காகச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ கப்பலில் போய்விட்டு வர ஒரு மாதம் ஆகிவிடுகிறது. நிக்கோபார் பக்கம் வேலைக்குப் போனவர் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்க்காமலே இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிறார். அதற்குள் கெடு முடிந்துபோகும். ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை குப்பைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் கையில் ஃபோன் இருந்தால் இது இன்னும் அவசியம்.

கோப்பின் உரிமையாளர் யார் என்பது அடுத்த சங்கதி. இங்கே நான் அதிகம் பார்க்கும் சோகம் இதுதான். சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு, கோயில் கமிட்டியின் நன்கொடைக் கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் தன் சொந்த ஜிமெயிலில் ஆரம்பித்துக் கொடுத்திருப்பார். பிறகு அவருக்கு மாற்றலாகிவிடும், அல்லது மெயின்லேண்டுக்கே போய்விடுவார். ஒரு நாள் தன் டிரைவில் இடம் போதவில்லை என்று பழையதையெல்லாம் அழிப்பார். உரிமையாளர் அழித்துக் கெடுவும் முடிந்தால் கோப்பு எல்லாருக்கும் போய்விடும். குப்பைத் தொட்டியும் அவருடையதுதான், அதில் கை வைக்க உங்களால் முடியாது. அவர் கணக்கை இரண்டு வருஷம் திறக்காமலே விட்டாலும் ஆபத்துதான். இரண்டு வருஷம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அதில் உள்ளவற்றோடு சேர்த்து அழிப்பதை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி இடம் நிரம்பி, அந்த நிலையிலேயே இரண்டு வருஷம் விட்டால் அதற்கும் இதே கதி வரலாம்.

ஆகவே சங்கத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்குங்கள். கடவுச்சொல் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும். தனிநபரின் பெயரில் இருப்பவற்றின் உரிமையை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். பகிரும் இடத்திலேயே 'டிரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்' இருக்கிறது. ஊரை விட்டுப் போகிறவரிடம் சாவிக்கொத்தை வாங்குவது போல இதையும் கேட்டு வாங்குங்கள், அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. வீட்டில் வயதானவர் கணக்கு வைத்திருந்தால் கூகுளின் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற இடத்தில் நம்பிக்கையானவர் ஒருவரைக் குறித்து வைக்கலாம். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் சொல்லும் காலம் கணக்கு அசையாமல் கிடந்தால், அவருக்குத் தகவல் போகும், நாம் அனுமதித்தவை கிடைக்கும். அப்பா போன பிறகு அவர் ஃபோனின் பூட்டைத் திறக்க முடியாமல் நிலத்துப் பத்திரத்தின் படத்தைத் தேடித் தவித்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

நாம் தவறு செய்யாமலே நிறுவனத்தின் பக்கத்திலும் தவறு நடக்கிறது. 2023 நவம்பரில் கணினியில் நிறுவும் கூகுள் டிரைவ் செயலியின் ஒரு பதிப்பில் கோளாறு வந்து, பலர் பல மாதக் கோப்புகளைக் காணவில்லை என்று பதறினார்கள். அடுத்த பதிப்பில் மீட்கும் கருவியைக் கொடுத்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். கூகுள் கிளவுடின் அமைப்பில் நேர்ந்த ஒரு தவறால், அங்கே அவர்களுக்கென்று இருந்த தனி கிளவுட் ஒன்று அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் தனியாக நகல் வைத்திருந்தது அவர்கள் மீள உதவியது. 2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தபோது அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டுவைத்த ஜி-டிரைவில் 858 டெராபைட் தரவு எரிந்துபோனது. அளவு பெரிது என்பதால் வெளியே நகலே வைக்கவில்லை. அவ்வளவு பெரிய அரசாங்கத்துக்கே அந்த நிலை.

பதிப்பு வரலாறு அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. கோப்பு போனால் வரலாறும் போகும். கோப்பை நகலெடுத்தாலும் வரலாறு கூட வராது. அதனால் வெளியே ஒன்று வேண்டும். மாதம் ஒருமுறை ஷீட்டை எக்செல் கோப்பாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கி ஒரு பென் டிரைவில் போடுங்கள். அதன் இன்னொரு நகலை மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு மெயிலில் அனுப்பிவையுங்கள். ஒரே அலையில் இரண்டும் போகாத தூரத்தில் அது இருக்கட்டும்.

நெட் சென்டரில் ஜிமெயிலைத் திறந்துவிட்டு வெளியேறாமல் வந்துவிடுவதால் வரும் ஆபத்தைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து உட்காருபவர் உங்கள் டிரைவில் எதையும் செய்யலாம். சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் அது திறந்திருக்கிறது என்று பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள். பதறிப்போய் "கஸ்டமர் கேர் நம்பர்" என்று தேடி, வரும் முதல் நம்பரைக் கூப்பிடாதீர்கள். கோப்பை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஓடிபி கேட்பவர்கள், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்பவர்கள், முன்பணம் கேட்பவர்கள் எல்லாரும் திருடர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மற்றச் சைபர் குற்றங்களுக்கு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் அருகில் உள்ள காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

வேண்டுமென்றே ஒருவர் அழித்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43 இதைத் தொடுகிறது. உரிமையாளரின் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதியின்றி கணினியில் உள்ள தகவலை அழிப்பதும் மாற்றுவதும் அதில் வருகிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் அந்தச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் வரும் தீர்ப்பு அதிகாரி. ஒவ்வொரு மாநிலத்திலும் யூனியன் பிரதேசத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு இந்தப் பொறுப்பு. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்திருந்தால் பிரிவு 66-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நோக்கம்தான் இங்கே முக்கியம். பத்தியைத் தெரியாமல் வரிசைப்படுத்திய கல்லூரிப் பெண் குற்றவாளி இல்லை. அன்று வராந்தாவில் போலீஸ் பேச்சை எடுத்தவரிடம் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தில் உயிர் வந்ததைப் பார்த்தேன்.

தகராறு நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால் கோப்பைத் தொடாதீர்கள். ரீஸ்டோர்கூட வேண்டாம். வரலாற்றுப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து, பழைய பதிப்பையும் இப்போதைய பதிப்பையும் தனித்தனியாக இறக்கி வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். அதில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்த சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் போனால் வழக்கு தடுக்கி விழும்.

கிளவுடில் காசு கொடுத்து இடம் வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசச் சேவையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. இலவச 15 ஜிபி-யை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவது கடினம். மாதச் சந்தா கட்டியிருந்து, நிறுவனம் வாக்களித்த வசதியைத் தரவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். தீவுக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கப் பிரிவு 34 அனுமதிக்கிறது. நிறுவனத்தின் அலுவலகம் இருக்கும் பெங்களூருக்கோ குருகிராமுக்கோ போக வேண்டாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பணம் கட்டிய ரசீது மெயிலை அழிக்காதீர்கள்.

பள்ளி, மருத்துவமனை, கடன் கொடுத்த நிறுவனம் ஆகியவை உங்கள் விவரங்களை வைத்திருந்து தொலைத்தால், அதற்கென்று 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. தரவு திருட்டுப் போவது மட்டுமில்லை, தற்செயலாக அழிவதும், அதை அணுக முடியாமல் போவதும்கூட அந்தச் சட்டத்தில் தரவு மீறலாக எண்ணப்படுகிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் விவரத்தைப் பார்க்கவும், திருத்தக் கேட்கவும், உங்களுக்குப் பின் அந்த உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் அதில் இடம் உண்டு. பாதுகாப்பில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எனவே அதன் முழு பலம் 2027-ல்தான் தெரியும்.

டிஜிலாக்கரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரில் இருக்கிறது. அதில் இரண்டு அறைகள் உண்டு. அரசுத் துறையே நேராக அனுப்பிவைக்கும் 'இஷ்யூட்' ஆவணங்கள் ஒன்று. 2017-ல் திருத்திய விதிப்படி அவை அசலுக்குச் சமம், உங்கள் ஃபோன் உடைந்தாலும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். மற்றது நீங்களே படமெடுத்து ஏற்றியவை. அதற்கு 1 ஜிபி இடம், அசலின் மதிப்பு அதற்குக் கிடையாது. ஏற்றிவிட்டோம் என்று நம்பி அசலைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

பொருளாளர் அக்கா இப்போது ஒவ்வொரு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும், கூட்டம் முடிந்து டீ வருவதற்குள், லேப்டாப்பில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து அன்றைய பதிப்புக்குப் பெயர் வைக்கிறார். பெயர் வைத்த பதிப்பைப் பிறகு தேட வேண்டியதில்லை, பட்டியலில் தனித்துத் தெரியும். ஷீட்டின் தலைப்பு வரிசைக்கும் பெயர்ப் பத்திக்கும் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தொகைப் பத்தியைத் தனியாக வரிசைப்படுத்தக் கூடாது என்று முதல் வரியிலேயே இந்தியில் எழுதியிருக்கிறது. போன மாதம் அவர் தட்டச்சு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, தமிழிலேயே போட்டார்: 'எல்லாரும் பார்த்தாச்சு, சரி'. பிறகு லேப்டாப்பைத் திருப்பி மாடி வீட்டு தீதியிடம் காட்டினார்.